வலது பூ

பூ இன்னும் விழவில்லை. இரண்டும் அப்படியே ஒட்டிக்கொண்டிருக்கின்றன, ஆத்தாளின் வலது தோளில் ஒரு செவ்வரளி, இடது தோளில் ஒரு செவ்வரளி. தோள் என்று நாங்கள்தான் சொல்லிக்கொள்கிறோம். முகமும் கையும் இல்லாத கல்லுக்கு ஏது தோள். என் இடுப்பு உயரம் இருப்பாள், மஞ்சளும் எண்ணெயும் ஏறி ஏறி வழுவழுவென்று ஆகி, விளக்கு வெளிச்சத்தில் இப்போதுதான் தலைக்கு ஊற்றிக்கொண்டு வந்தவள் மாதிரி நிற்கிறாள். வலது பூ விழுந்தால் சரி என்கிறாள், இடது விழுந்தால் வேண்டாம் என்கிறாள். பாறைமேட்டில் பெண் கொடுப்பதும் எடுப்பதும் வீடு கட்டுவதும் எல்லாம் இப்படிப் பூக்கேட்டுத்தான். இன்றைக்கு நான் கேட்டிருப்பது, என்னுடைய கிழக்குக் காட்டைக் கல்குவாரிக்காரருக்குக் கொடுத்துவிடலாமா என்று. என் அப்பன் என் பேருக்கு எழுதிவைத்த நிலம் அது, அதனால் நான்தான் ஈரச் சேலையோடு முன்னால் உட்கார்ந்திருக்கிறேன், மற்றவர்கள் எனக்குப் பின்னால். பூ விழுகிற வரைக்கும் யாரும் வாய் திறக்கக் கூடாது. வாய்தானே திறக்கக் கூடாது, மனசுக்கு யார் பூட்டுப் போடுவது, அது பாட்டுக்குப் போகிறது, அடுப்பிலிருந்து பாலை இறக்கினேனா என்று போகிறது, இறக்கினேன், மூடினேனா, மூடாமல் இருந்திருக்க மாட்டேன், எங்கள் ஊரில் மூடாமல் எதையும் வைக்க முடியாது, சோற்றுக்கு மூடி, தண்ணீருக்கு மூடி, குழந்தை தூங்கும் தொட்டிலுக்குக்கூட மேலே ஒரு வேட்டி, கொஞ்சம் மறந்தால் பாலில் ஆடை கட்டுவதற்கு முன்னால் கல்மாவு கட்டிவிடும்.

பின்னால் இருமுகிறாரே, அது எங்கள் வீட்டுக்காரர். அடக்கி அடக்கிப் பார்க்கிறார், அடங்கவில்லை. பீடி கிடையாது, சுருட்டு கிடையாது, குவாரிக்குள் ஒரு நாள் வேலைக்குப் போனது கிடையாது, முருங்கைக் காட்டில் காய் பறித்த மனுஷன், இவருக்கு எதற்கு இந்த இருமல். ஆஸ்பத்திரியில் நெஞ்சைப் படம் எடுத்துப் பார்த்த டாக்டரம்மா, "ஏனுங்கய்யா, கல்லு ஒடைக்கற வேலைங்களா?" என்று கேட்டது. இவருக்கு ரோஷம் வந்துவிட்டது. "எனக்கெதுக்குங்க அந்த வேலை, நான் பண்ணையம் பண்றவனுங்க." அந்த அம்மா படத்தை ஒரு தடவை பார்த்து, இவரை ஒரு தடவை பார்த்து, "அப்போ கல்லுதான் உங்களைத் தேடி வந்துருக்குதுங்க" என்றது. பஸ்ஸில் வரும் வழியெல்லாம் அதையே சொல்லிச் சிரித்துக்கொண்டு வந்தார், சிரித்தால் இருமல், இருமினால் சிரிப்பு, எனக்கு அழுவதா சிரிப்பதா தெரியவில்லை, ஆத்தா தாயே என்று ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு வந்தேன். முருங்கைக்கும் அதே சீக்குத்தான். பூ எடுக்கிறது, குறையில்லை, மரமே வெள்ளையாக நிற்கும், ரோட்டில் போகிறவன் ஆகா என்பான், கிட்டப் போனால் பூ எது தூசி எது தெரியாது. காய் பிடிப்பதில்லை. தேனீ வந்தால்தானே பிடிக்கும். மருந்தடிக்கிற டேங்கில் வெறும் தண்ணீரை ஊற்றி நானும் அவரும் மரம் மரமாக இலை கழுவிக்கொண்டு நின்றோம். வேலிக்கு அந்தப் பக்கத்திலிருந்து ஒருத்தன், "ஏனுங்கக்கா, சீயக்காய் போடுலீங்களா?" என்றான். "நீ வாங்கியாடா, போட்டுத் தேச்சு உடறேன்" என்றேன். கழுவிய இலை ஒரு பொழுதுக்குப் பச்சையாக இருக்கும். அடுத்த டிப்பர் லாரி போனதும் மறுபடியும் கிழவியாகிவிடும். கழுவாத சோளத்தட்டைத் தின்று தின்று எங்கள் காராம்பசுவுக்கு வயசுக்கு முன்னாலேயே பல் தேய்ந்துபோனது, மண்ணையும் கல்லையும் மென்றால் பல் என்ன செய்யும், வாயைத் திறந்து பார்த்த மாட்டு டாக்டர் அதை மூடிவிட்டுத் தடவிக் கொடுத்துவிட்டுப் போனார்.

விழவில்லை. இடது கொஞ்சம் அசைந்த மாதிரி இருந்தது, இல்லை, விளக்குத் திரிதான் அசைகிறது. மோகனு எனக்குப் பின்னால் மூச்சு விடுவது கேட்கிறது. என் மகன். திருப்பூரில் பனியன் கம்பெனியில் மேனேஜர், ஆனால் மூச்சு மட்டும் தொட்டிலில் கிடந்தபோது விட்ட அதே மூச்சு, வாயால் விடுவான். காட்டைக் கொடுத்துவிடச் சொல்வது அவன்தான். அதற்காக அவனைக் கெட்டவன் என்று யாராவது சொன்னால் நான் விடமாட்டேன். பொங்கலுக்கு வந்தவன் அப்பன் இருமுவதைக் கேட்டுக் கண்ணைத் திறந்துகொண்டே கிடந்தான், நான் பார்த்தேன். காலையில் அடுப்படிக்கு வந்து குத்தவைத்து உட்கார்ந்துகொண்டு சொன்னான், "அம்மா, காடு காடுன்னு எத்தனை நாளைக்குக் கட்டீட்டு இருப்பீங்க? அப்பாவுக்கு மூச்சுதான் சொத்து. குடுத்துப்போட்டு எங்ககூட வந்துருங்க. சுத்தியும் எல்லாரும் குடுத்தாச்சு. நீங்க ஒருத்தரு நின்னு எதைத் தடுக்கப் போறீங்க?" நான் தோசையைத் திருப்பிப் போட்டேன். "நாம போயிருவோஞ் சாமி. மாராயி எங்க போவா?" என்றேன். மாராயி லைன் வீட்டுக்காரி, எங்கள் கிழக்குக் காட்டை ஒட்டித்தான் அந்த லைன் வீடுகள் இருக்கின்றன. அந்தப் பக்கம் இருந்த கிணறுகள் எல்லாம் ஒவ்வொன்றாக வற்றிப்போயின, மேலே வெயில் குடித்து வற்றவில்லை, அடியில் வெடியால் பாறை விரிசல் விட்டுத் தண்ணீர் குவாரிக் குழிக்குள் இறங்கிவிட்டது. எங்கள் கிணறுகளைவிட அந்தக் குழி ஆழம். அங்கே தேங்குவதை மோட்டார் வைத்து இறைத்து ரோட்டில் தூசி அடங்கத் தெளிக்கிறார்கள், நம்முடைய ஊற்றைத்தான் ரோட்டுக்கு ஊற்றுகிறார்கள் என்று மாராயி சொல்வாள். என்னுடைய கிணறு ஒன்றில்தான் ஏதோ புண்ணியத்துக்கு இன்னும் ஊறுகிறது. விடிந்தால் மாராயியும் அந்த வரிசைப் பெண்களும் குடத்தோடு வந்துவிடுவார்கள், வாய் ஓயாது, போன வாரம்கூட, "பெரியம்மா, நீங்க திருப்பூருக்குப் போறதுன்னா கெணத்தையும் பொட்டீல வெச்சு எடுத்துட்டுப் போயிருங்க, எங்களையும் அதுக்குள்ளயே போட்டுருங்க" என்றாள். சிரித்துக்கொண்டேதான் சொன்னாள். குடத்தைத் தூக்கும்போது என்னைப் பார்க்கவில்லை. காட்டைக் கொடுத்தால் கிணறும் போகும், குழி அவள் கொல்லைப்புறம் வரைக்கும் வந்து நிற்கும், அவள் பேத்தி கொல்லையில்தான் விளையாடும். இதைச் சொன்னால் மோகனு என்ன செய்வான், அவனும்தான் என்ன செய்வான், தோசையைப் பிட்டு வைத்துக்கொண்டு தின்னாமல் உட்கார்ந்திருந்தான்.

நான்தான் வாக்குக் கொடுத்தேன். புரோக்கர் ராசுக்குட்டி வந்து மோரைக் குடித்துவிட்டு, "அக்கா, உங்களைக் கட்டாயப்படுத்துலீங்க, ஆனா ஒரு பேச்சுச் சொல்லீருங்க" என்றபோது, "ஆத்தாகிட்டப் பூக்கேக்கறேன். அவ சரின்னா எனக்குஞ் சரி. பேச்சு மாறமாட்டேன்" என்றேன். எல்லாருக்கும் முன்னால் சொன்னேன், இவருக்கும் முன்னால், மோகனுக்கும் முன்னால். அவ்வளவு தைரியம் எனக்கு. ஆத்தாளை எனக்குத் தெரியும். சின்ன வயசிலிருந்து நான் பேசுகிறேன், அவள் கேட்கிறாள், கறிவேப்பிலை வாடிப்போனதைக்கூட அவளிடம் சொல்லியிருக்கிறேன். என்னை முதலில் பெண் கேட்டு வந்த மாப்பிள்ளை வீட்டுக்கு இடது பூவைப் போட்டுத் திருப்பி அனுப்பினவள் அவள், அவன் பிற்பாடு குடித்துச் சீரழிந்தான். வேண்டாம் என்பதற்கு அஞ்சாதவள். ஆனால் இப்போது கொஞ்ச காலமாக அவள் போக்கே வேறாகிவிட்டது, ஊரே பேசிச் சிரிக்கிறது. யார் என்ன கேட்டாலும் வலது. பெண்ணுக்குக் கேட்டால் வலது, பிரிவினைக்குக் கேட்டால் வலது. காணாமல் போன கோழி கிடைக்குமா என்று ராமாயக்கா கேட்டாள், வலது, கோழி கிடைக்கவில்லை, "ஆத்தா மனசுல அது எங்கயோ நல்லா இருக்குது" என்று ராமாயக்காளே சமாதானம் சொல்லிக்கொண்டாள். என் கொழுந்தனார் போர்வெல் போடலாமா என்று கேட்டார், வலது, பாறையைக் குடைந்து குடைந்து வெறும் புகைதான் வந்தது, இன்னொரு இடத்துக்குக் கேட்டார், வலது, அங்கேயும் புகை. பிறகு அந்த நிலத்தைக் குவாரிக்குக் கொடுக்கலாமா என்று கேட்டார், அதற்கும் வலது. குப்பண்ணன் பூசாரிக்குப் பெருமை தாங்கவில்லை. "முன்ன மாதிரியில்லீங்க அக்கா, ஆத்தாளுக்கு வயசாச்சுங்க, மனசு எளகிப்போச்சுங்க. இப்பெல்லாம் ஆருக்குமே இல்லைன்னு சொல்றதில்லீங்க." வெளியூர்க்காரர்கள்கூடப் பூக்கேட்க வர ஆரம்பித்துவிட்டார்கள். ஒரு காலேஜ் பையன் பரீட்சை எழுதாமலே வந்து பாஸாவேனா என்று கேட்டான், வலது.

நானும் சிரித்தவள்தான். போன வெள்ளிக்கிழமை வரைக்கும் சிரித்தேன். வெள்ளிக்கிழமை ஆத்தாளைக் கழுவுவது என் வேலை, மாமியார் காலத்திலிருந்து எங்கள் வீட்டுப் பெண்களுக்கு அந்தப் பாத்தியம் இருக்கிறது. தலையில் தண்ணீர் ஊற்றினால் அது இடப்பக்கம் இருக்கிற துவாரத்தின் வழியாக வெளியே போகும், கோயில் கட்டின கொத்தனார் அப்படித்தான் வாட்டம் விட்டிருக்கிறார். அன்றைக்கு ஊற்றினேன், தண்ணீர் வலப்பக்கமாகப் போய் மூலையில் தேங்கி நின்றது. துவாரத்தில் வேப்பிலை அடைத்திருக்கும் என்று விரலை விட்டுக் குடைந்தேன், ஒன்றுமில்லை. துணியால் துடைக்க ஒரு கையால் ஆத்தாளைப் பிடித்தேன். ஆடினாள். விழப்போகிற பல் ஆடுமே, குழந்தை நாக்கால் தள்ளித் தள்ளிப் பார்க்குமே, அந்த மாதிரி ஒரு ஆட்டம். அடிப்பீடத்துச் சுண்ணாம்பு பொடிப்பொடியாக உதிர்ந்து கிடந்தது. குனிந்து பார்த்தேன், வலப்பக்கமாகச் சாய்ந்திருக்கிறாள், குவாரி இருக்கிற பக்கமாக. நாங்கள் தினமும் பார்க்கிறோம், அதனால் தெரியவில்லை, கூடவே இருக்கிற மனுஷன் மெலிவது தெரியாத மாதிரி. சாய்ந்து நிற்கிற கல்லில் இரண்டு பக்கமும் ஈரப் பூவை ஒட்டினால் எந்தப் பூ முதலில் நழுவும்? நான் அந்த ஈரத் தரையிலேயே உட்கார்ந்துவிட்டேன். அந்தச் சமயம் பார்த்து மத்தியான வெடி வெடித்தது. எங்கள் கோயில் நிற்பதும் அவர்கள் உடைப்பதும் ஒரே பாறை, மண்ணுக்கடியில் ஒரே பாயாக விரித்துக் கிடக்கிறது. வெடி முதலில் என் காலுக்கு வந்தது, பிறகு அவளுக்கு, அதற்கப்புறம்தான் காதுக்கு. அவள் தலையில் நான் வைத்திருந்த மல்லிகைச் சரம் வழுக்கி வலது பக்கமாக இறங்கியது. ஆத்தா, உன்னை இப்படியா செய்துவிட்டார்கள் என்றுதான் முதலில் வந்தது. காட்டு நினைப்பு, நான் கொடுத்த வாக்கு, எல்லாம் அப்புறம்தான். வீட்டுக்குப் போய் இவரிடம் சொன்னேன். "ஆத்தா ஆடறாளா? நீ வழுக்கி உழுகப் போயி அவளைப் புடிச்சிருப்பே" என்றார். சிரித்தார், இருமினார்.

இன்னும் விழவில்லை, ஆனால் விழும். வலது விழும். எனக்குத் தெரிந்ததுபோல ஆத்தாளுக்கும் தெரியும், நாங்கள் இரண்டு பேரும் ஒருத்தரை ஒருத்தர் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறோம். கேட்கும்போது வார்த்தையை மாற்றிக் கேட்டிருக்கலாமா, வலது விழுந்தால் கொடுக்கமாட்டேன் என்று? நேற்றெல்லாம் அந்த எண்ணம் வந்து வந்து போனது, உலையில் அரிசி போடும்போது வந்தது, தலை சீவும்போது வந்தது. வேண்டாம் என்று விட்டேன். சாய்ந்து கிடக்கிறவளை என் பக்கம் சாய்த்துக்கொண்டால் நானும் அந்தக் குவாரிக்காரனும் ஒன்றுதானே. பிறகு எதை நம்பி இங்கே வந்து உட்கார்ந்தேன்? அதுதான் பிடிபடவில்லை, ஆனால் நம்பித்தான் வந்தேன், குளித்தேன், விபூதி வைத்தேன். நல்ல நேரம் பார்த்துச் சொன்னது குப்பண்ணன், மத்தியான வெடி நேரமாகப் பார்த்துச் சொல்லியிருக்கிறாரே, தெரிந்தா தெரியாமலா, ராசுக்குட்டி சொல்லிக்கொடுத்திருப்பானோ, சீ, குப்பண்ணனுக்கு அந்தப் புத்தி போகாது, பஞ்சாங்கம் பார்த்துத்தான் சொல்லியிருப்பார், பஞ்சாங்கத்தில் ராகுகாலம் இருக்கிறது எமகண்டம் இருக்கிறது வெடிகாலம் இல்லையே. ஆத்தா, நான் உனக்கு என்ன செய்யட்டும்? இத்தனை நாள் நீ எனக்குச் செய்தாய். என் மகள் கோகிலா பிறந்தபோது என் கூடவே இருந்தாய், அவளுடைய குழந்தைக்கு மூச்சிரைத்து நீலம் பாரித்தபோது இருந்தாய், அந்தக் குழந்தை லீவுக்கு இங்கே வரவே கூடாது என்று டாக்டர் சொன்னபிறகு, பாட்டி வீடு என்றால் அதற்குப் போனில் தெரிகிற என் முகம்தான் என்று ஆனபிறகு, நான் உன்னிடம் வந்துதானே அழுதேன். உனக்கு அழுகை வந்தால் நீ யாரிடம் போவாய்? கல் அழாது என்கிறார்கள். ஆடும் என்றால் அழவும் செய்யும்.

சங்கு ஊதுகிறது. வெடிக்கு முன்னால் குவாரியில் ஊதுகிற சங்கு. இந்தச் சத்தம் கேட்டால் ஊரில் பெண்கள் எல்லாம் பரணில் இருக்கிற பாத்திரத்தைப் பிடிப்பார்கள், ஓட்டு வீட்டுக்காரர்கள் குழந்தையைத் தூக்கிக்கொண்டு வாசலுக்கு வருவார்கள், யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை, எது விழுமோ அதைக் கை தானாகப் போய்ப் பிடிக்கும். நான் எழுந்துவிட்டேன். "அக்கா, எந்திரிக்கக் கூடாதுங்க, பூ இன்னும் உழுகுலீங்க" என்கிறார் குப்பண்ணன். படி ஏறி உள்ளே போய்விட்டேன். "அம்மா!" இது மோகனு. முட்டி போட்டு உட்கார்ந்து ஆத்தாளை இரண்டு கையாலும் சேர்த்துப் பிடித்துக்கொண்டேன், பூவில் படாமல், பூவுக்குக் கீழே, இடுப்பு என்று சொல்லலாமா, இடுப்பில். மஞ்சள் மணக்கிறது. கல் சில்லென்றிருக்கிறது. ஒன்றுமில்லை தாயி, ஒன்றுமில்லை, நான் இருக்கிறேன். இதை யாருக்கு யார் சொல்வது என்று மனசுக்குள் ஒரு சிரிப்புகூட வந்தது. அப்போது வந்தது. முட்டியில் வந்தது, முதுகுத் தண்டில் ஏறியது, என் கைக்குள் அவள் துடித்தாள், மழையில் நனைந்து வந்த கன்றுக்குட்டியை அணைத்தால் துடிக்குமே, அப்படி ஒரு துடிப்பு, விடாமல் இறுக்கிப் பிடித்தேன், பிறகு சத்தம், பிறகு ஓட்டின் மேல் சரசரவென்று சின்னக் கற்கள். விளக்கு ஒரு தடவை குனிந்து நிமிர்ந்தது. கண்ணைத் திறந்து பார்த்தேன். இரண்டு பூவும் வைத்த இடத்தில் இருந்தன.

"அக்கா, இது அழுகுணி ஆட்டமுங்க" என்கிறான் ராசுக்குட்டி. "பூவைப் புடிச்சுக்கிட்டா எப்பிடிங்க உழுகும்?" "பூவைத் தொடுலப்பா, ஆத்தாளைத்தான் புடிச்சேன். செருப்பைக் கழட்டிப்போட்டுத்தானே வந்திருக்கே, நீயும் வந்து கை வெச்சுப் பாரு." அவன் வரவில்லை. எங்கள் வீட்டுக்காரர்தான் எழுந்து வந்தார், படியைப் பிடித்து மெல்ல ஏறி, என் கைக்குப் பக்கத்தில் உள்ளங்கையை வைத்தார். வெடி நின்றும் அவளுக்கு இன்னும் நிற்கவில்லை, உள்ளே மெலிசாக ஓடிக்கொண்டிருந்தது. லேசாகத் தள்ளிப் பார்த்தார். கல் அசைந்தது. கையை வெடுக்கென்று எடுத்துக்கொண்டு, பிறகு மறுபடியும் வைத்தார். "ஆடுது புள்ளை" என்றார். "ஆமாங்க." குப்பண்ணன் வாயில் துண்டை வைத்துக்கொண்டார். நான் திரும்பாமலே சொன்னேன், எல்லாருக்கும் கேட்கும்படி சொன்னேன். "பேச்சு மாறமாட்டேன்னு சொன்னேன், மாறுல. ஆத்தா சரின்னா சரி. ஆனா பயந்து நடுங்கறவ தலை ஆடுனா அதுக்குப் பேரு சம்மதமில்லை. அவ நேரா நின்னு சொல்லட்டும், அதுவரைக்கும் காடு என்னோடதுதான்." ராசுக்குட்டி மோகனைப் பார்த்திருப்பான். மோகனு எழுந்து வருகிற சத்தம் கேட்டது. உள்ளே வந்து அப்பனுக்கு அந்தப் பக்கம் முட்டி போட்டான், பீடத்தில் உதிர்ந்து கிடந்த சுண்ணாம்பை விரலால் தொட்டுப் பார்த்தான், மூச்சு வாயால் வந்தது. "எத்தனை நாளாம்மா இப்பிடி?" "வெடி வெச்ச நாளா, சாமி." விரலில் ஒட்டிய சுண்ணாம்பைத் துடைத்துக்கொண்டான். பிறகு, "உங்களைக் கூட்டீட்டுப் போலாம்னுதான் வந்தேன்" என்றான். "தெரியும். அப்பாவைக் கூட்டீட்டுப் போ. வைத்தியம் பாரு. அவருக்கு மூச்சு முக்கியம்." இவர் உடனே, "நான் ஒருத்தன் அங்க போயி அடுக்குமாடில என்னத்தைப் பண்றது, இருமுனா எதிரூட்டுக்காரன் கதவைத் தட்டுவான்" என்றார். "போயிட்டு ஒடம்பு தேறி வாங்க. கெணத்தை நான் பாத்துக்கறேன்" என்றேன். அவர் ஆத்தாளிடமிருந்து கையை எடுக்கவில்லை. பயம் இல்லையா என்றால் இருக்கிறது. நாளைக்கும் சங்கு ஊதும், ராசுக்குட்டி வேறு ஆளோடு வருவான், இவர் இல்லாத வீட்டில் நான் தனியாகத் தாழ்ப்பாள் போடுவேன். அதெல்லாம் தெரிந்துதான் சொன்னேன், சொன்ன பிறகு உடம்பு லேசாக இருக்கிறது, ஈரச் சேலைகூடக் குளிரவில்லை. "குப்பண்ணா, போயி கொத்தனாரைக் கூப்புடுங்க" என்றேன். "ஆத்தாளை நிமுத்தி நடோணும்." "இப்பவேங்களா அக்கா? பூ அப்பிடியே இருக்குதுங்களே?" "இருக்கட்டுங்க. நீங்க போயிட்டு வாங்க. அதுவரைக்கும் நாங்க புடிச்சுட்டு இருக்கறோம்."